ரயில்வே இரவு ட்யூட்டியும் பகல் தூக்கமும்: மும்பையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில்வேயில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான், குடியிருப்பு டோம்பிவிலி. தண்டவாளத்தைப் பராமரிக்கும் டிராக்மேன், பாதையைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷன் மாஸ்டர், லோக்கல் ரயில் ஓட்டும் மோட்டார்மேன், சிக்னல்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் தூக்கத்தில் வந்து நிற்கும். கல்யாணப் பந்தியிலும் கேட்கிறார்கள், லோக்கலில் பெண்கள் பெட்டியிலும் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்வதற்குப் பதிலாக எழுதிவைத்துவிட்டேன். மருந்து, மாத்திரை மாற்றுவதற்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்; மற்றதற்கு இது போதும்.

சிஸ்டர், இருபது வருடமாக நைட் பார்க்கிறேன். இன்னும் உடம்பு பழகவில்லையே, ஏன்?

பழகாது. நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. நீங்கள் இரவு முழுக்க வேலை செய்துவிட்டுக் காலை ஏழு மணிக்குப் பிளாட்பாரத்தில் இறங்கும்போது முகத்தில் வெயில் விழுகிறது. அந்த வெயில் உள்ளே இருக்கும் கடிகாரத்துக்கு "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று சொல்கிறது. ஓய்வு நாளில் பிள்ளைகளோடு பகல் மனிதராக இருக்கிறீர்கள். அதுவும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. பிறகு கடிகாரம் எப்படித் திரும்பும்?

உங்களுக்குப் பழகியிருப்பது வேலைதான். எந்தக் கையில் எந்தக் கருவி, எந்த நேரத்தில் எந்த வண்டி என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டதால் தூக்கக் கலக்கம் வெளியே தெரிவதில்லை. வயது நாற்பதைத் தாண்டினால் பகல் தூக்கம் இன்னும் மெல்லியதாகிவிடும். "முன்பெல்லாம் தாங்கினேன், இப்போது முடியவில்லை" என்று வருந்துகிறவர்கள் சோம்பேறியாகிவிடவில்லை.

ராத்திரியில் எந்த நேரம் அதிக ஆபத்து?

மூன்று மணியில் இருந்து ஐந்து மணி வரை. அப்போது உடம்பின் சூடு நாளிலேயே மிகக் குறைந்திருக்கும், கவனமும் அப்படியே. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை இன்னொரு சிறு சரிவு உண்டு. அது சாப்பாட்டு மயக்கம் மட்டுமல்ல, சாப்பிடாமல் இருந்தாலும் வரும்.

மும்பையில் இது இரட்டிப்புச் சிக்கல். கடைசி லோக்கல் நள்ளிரவு தாண்டிப் போய் முதல் லோக்கல் கிளம்புவதற்குள் இரண்டு, மூன்று மணி நேரம்தான் தண்டவாளம் காலியாகிறது. நைட் பிளாக், அதாவது வண்டி விடாமல் பாதையைப் பழுதுவேலைக்குத் தரும் நேரம், கிடைப்பது அதற்குள்தான். தண்டவாளத்தை அறுப்பது, வெல்டிங், மேலே இருபத்தைந்தாயிரம் வோல்ட் கம்பியில் பழுது பார்ப்பது எல்லாம் உடம்பு மிக மந்தமாக இருக்கும் நேரத்தில், அதுவும் அவசர அவசரமாக நடக்கிறது. நேரத்தை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் மூன்று மணிக்கு மேல் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, பிளாக் கிடைத்ததா, மின்சாரம் நிறுத்தி எர்த் போட்டாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்பது நம் கையில் இருக்கிறது. இதைக் கேலி செய்கிற கேங்கும் (தண்டவாள வேலைக் குழு) உண்டு, செய்யட்டும்.

நைட் வாரத்தில் முதல் நாள்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. உண்மையா, மனப்பிரமையா?

உண்மைதான். முதல் நாள் காலை வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்திருப்பீர்கள். பகலில் கடை, பேங்க், பிள்ளையின் பள்ளிக்கூடம். இரவு பதினொரு மணிக்கே பதினேழு மணி நேரம் விழித்தாயிற்று. அதன் பிறகுதான் ட்யூட்டியே சூடுபிடிக்கிறது. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்து காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குப் போக்குவரத்துச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 தான். ஓட்டுநர்கள் வந்து ட்யூட்டிக்குப் பதிவு செய்யும் (சைன் ஆன்) லாபியில் மூச்சுப் பரிசோதனைக் கருவி மதுவைப் பிடித்துவிடும். தூக்கமின்மையைப் பிடிக்கும் கருவி இன்னும் அங்கே வரவில்லை.

முதல் நைட்டுக்கு முந்தைய மதியம் கட்டாயம் படுங்கள். ஒன்றரை மணி நேரம் தூங்கினாலும் வித்தியாசம் தெரியும். மாலை ஏழு, எட்டு மணிக்குப் படுத்துப் பார்க்கிறவர்கள் தூக்கம் வராமல் புரள்வார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் உடம்பு நல்ல விழிப்பில் இருக்கும். விடியற்காலை லோக்கலுக்கு சைன் ஆன் செய்யும் மோட்டார்மேன்கள் முந்தின இரவு சீக்கிரம் படுத்தும் தூங்க முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

பகலில் எட்டு மணி நேரம் படுத்தே கிடக்கிறேன். எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

படுத்திருந்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு. ஒரு வாரம் காலண்டரிலேயே குறித்துப் பாருங்கள்: எப்போது கண் அயர்ந்தது, எத்தனை முறை விழித்தது, எப்போது எழுந்தது. எட்டு மணி நேரம் என்று சத்தியம் செய்கிறவர்கள் பலருக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. வெயில் ஏற ஏற உடம்பின் சூடும் ஏறும். சூடு ஏறும் உடம்பு ஆழ்ந்து தூங்காது.

ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலையில் நான்கைந்து மணி நேரம், ட்யூட்டிக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஏழு வந்தால் நல்லது. நன்றாகத் தூங்கியும் அசதி போகவில்லை என்றால் அதைத் தூக்கத்தின் தலையில் கட்டாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மனச்சோர்வும் அசதி என்ற பெயரில்தான் முதலில் வரும்.

ட்யூட்டி முடிந்ததும் நேராகப் படுப்பதா, வெளிவேலைகளை முடித்துவிட்டுப் படுப்பதா?

நேராக. எட்டு மணிக்குத் தூங்கத் தொடங்குபவருக்குக் கிடைக்கும் தூக்கம் பதினொரு மணிக்குத் தொடங்குபவருக்குக் கிடைக்காது. காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். ரேஷன், கரண்ட் பில், ஆதார் திருத்தம் எல்லாம் மாலை எழுந்த பிறகு. பசியோடும் படுக்க வேண்டாம். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமும் பாலும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

திரும்பும் வழியில் ரயிலிலும் நடையிலும் கறுப்புக் கண்ணாடி அணிந்தால் வெயிலின் கட்டளை கொஞ்சம் குறையும். ஆனால் ஸ்டேஷனில் இருந்து பைக்கில் வீட்டுக்குப் போகிறவர்கள் அதை அணிய வேண்டாம், கண் சொக்கிவிடும். நைட் முடிந்த காலையில் பைக்கே வேண்டாம் என்பது என் கட்சி. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து தூங்கலாம், ஹேண்டில் பிடித்துத் தூங்க முடியாது.

வீட்டில் ஒரே அறைதான் அக்கா. குழந்தைகள், குக்கர், டிவி. இவர் தூங்கவில்லை என்று என் மேல் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன், எல்லாம் பெண்களின் வாயால். ஒன் ரூம் கிச்சனில் ஐந்து பேர் இருக்கும்போது நிசப்தம் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். முழு அமைதி வேண்டாம், திடீர்ச் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும். ஒரே சீராக ஓடும் டேபிள் ஃபேன் சத்தத்தில் மனிதன் தூங்கிவிடுவான்; குக்கர் விசில்தான் தூக்கிவாரிப் போடும். ட்ராக்கை ஒட்டிய குவார்ட்டர்ஸில் மூன்று நிமிடத்துக்கு ஒரு லோக்கல் தடதடக்கும்போது குறட்டை விடுகிறவர், தன் கைபேசி ஒருமுறை சிணுங்கினால் எழுந்து உட்காருவார்.

எனக்குத் தெரிந்த மாதுங்கா குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றில் செய்தது இது. சாதமும் பருப்பும் அவர் வருவதற்குள் விசில் அடங்கியிருக்கும். ஜன்னலுக்குப் பழைய கறுப்புக் குடைத்துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, நான்கு மூலையிலும் காந்தம் வைத்துக் கம்பியில் ஒட்டிவிடுவார்கள். மாலையில் பிய்த்து மடித்து வைத்துவிடலாம். காலிங் பெல் சுவிட்சை அணைத்து, கதவில் "நைட் ட்யூட்டி, மாலை நான்கு மணிக்கு மேல் வரவும்" என்று மராத்தியிலும் ஹிந்தியிலும் தமிழிலும் எழுதித் தொங்கவிட்டார்கள். கூரியர் பையன்கள்கூட மதித்தார்கள். மதிக்காதது ஊரில் இருந்து வரும் தொலைபேசிதான். "அவனுக்குத்தான் பகலில் வேலையில்லையே" என்று பதினொரு மணிக்கு அழைக்கும் திருநெல்வேலிச் சித்தப்பாவை எந்தப் பலகையும் தடுக்காது. கைபேசி உங்களிடம் இருக்கட்டும். வேலையிடத்து அழைப்பு என்றால் மட்டும் எழுப்புங்கள்.

எரிந்து விழுவதைப் பற்றி: தூக்கம் குறைந்தால் கோபம் வரும், அது உண்மை. அதற்காக நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. எழுந்தவுடன் அரைமணி நேரம் எந்தக் கணக்கும் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அவரும் தன் பங்குக்கு வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்களுக்கும் தூக்கம் என்று ஒன்று இருக்கிறது.

விழித்திருக்க எத்தனை டீ குடிக்கலாம்?

எத்தனை என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குப் படுக்கப் போகிறவர் ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் கட்டிங் சாய் குடித்தால், படுக்கும்போதும் அது உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும். ட்யூட்டியின் முதல் பாதியில் இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இரண்டரை மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு ஸ்பூன் என்றால் மாத முடிவில் என்ன கணக்கு என்று பாருங்கள்.

கைனிப் புகையிலை வைத்தால்தான் கண் திறக்கிறது. மாவாவும் (புகையிலை போட்ட பாக்கு) அப்படித்தான். சும்மா ராத்திரிக்கு மட்டும்தான்.

ராத்திரிக்கு மட்டும் என்று தொடங்கியவர்களின் வாயைத்தான் நான் வார்டில் திறந்து பார்த்திருக்கிறேன். நிகோடின் சிறிது நேரம் விழிப்புத் தரும், பிறகு அதுவே தூக்கத்தையும் கெடுக்கும். ஆகவே மறுநாள் இன்னும் அதிகம் வேண்டும். மகாராஷ்டிரம் 2012-லேயே குட்காவைத் தடை செய்தது, கடைக்காரர் பெட்டிக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுப்பது வேறு கதை. வாய் மூன்று விரல் அகலம் திறக்கவில்லை, உள்கன்னத்தில் வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல்: இதில் எது இருந்தாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு குவார்ட்டர் போட்டால்தான் பகலில் தூக்கம் வருகிறது. மாலைக்குள் இறங்கிவிடுமே?

சீக்கிரம் கண் சொக்கும், ஆனால் இரண்டாம் பாதியில் தூக்கம் துண்டு துண்டாகும். தாகம், வியர்வை, சிறுநீர் என்று எழுந்துகொண்டே இருப்பீர்கள். குறட்டை இருந்தால் அதையும் மோசமாக்கும். மாலைக்குள் இறங்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சைன் ஆன் செய்யும்போது கருவி பாஸிட்டிவ் காட்டினால் தூக்கம் போனதோடு வேலைக்கும் ஆபத்து.

ராத்திரி சாப்பாடு எப்படி? தயிர்ச்சாதம் தூக்கம் வரவழைக்குமாமே?

தயிர்ச்சாதத்தின் மேல் பழி வேண்டாம், அளவுதான் குற்றவாளி. கிளம்பும் முன் எட்டு மணி வாக்கில் முக்கியச் சாப்பாடு, நள்ளிரவில் சிறிதாக ஒன்று, அதன்பின் விடியும் வரை வயிற்றைச் சும்மா விடுங்கள். இரண்டு மணிக்கு வடாபாவ் தின்றுவிட்டுக் காலையில் நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்கள் மாத்திரை கேட்கிறார்கள், வடாபாவை விடுவதாக இல்லை.

எனக்குச் சர்க்கரை. காலை மாத்திரை என்று எழுதியிருக்கிறது. என் காலை எது?

நல்ல கேள்வி, டாக்டரிடம் இதே வார்த்தைகளில் கேளுங்கள். நைட் வாரம், பகல் வாரம் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாட்டோடு பிணைந்தவை. சாப்பிடாமல் போட்டால் தாழ்சர்க்கரை வரும். விடியற்காலையில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்க் குழப்பம் வந்தால் அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைப்பையில் குளுகோஸ் இருக்கட்டும், கூட வேலை செய்கிறவருக்கு உங்கள் சர்க்கரை விஷயம் தெரிந்திருக்கட்டும்.

வேலை இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடினால் தப்பா?

உடம்பைக் கேட்டால் தப்பில்லை. இருபது நிமிடத் தூக்கம் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தெம்பு தரும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவே விமானிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. முக்கால் மணி நேரம் தூங்கினால்தான் சிக்கல். எழுந்தபின் கால் மணி நேரம் தலை மப்பாக இருக்கும், அந்த மப்பில் பாயிண்ட் திருப்பவோ லைன் கிளியர் (வண்டி வர வழி அனுமதி) கொடுக்கவோ கூடாது.

விதியைக் கேட்டால் ட்யூட்டியில் தூங்குவது குற்றம்தான். அனுமதிக்கப்பட்ட இடைவேளையில், மேற்பார்வையாளருக்குத் தெரிந்து, எழுப்ப ஒருவர் இருந்தால் மட்டும் கண் அயருங்கள். கேங் ஆட்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பிளாக்குக்காகக் காத்திருக்கும்போது தண்டவாளத்தின் மேலோ, இரு பாதைக்கு நடுவிலோ, ஜல்லியின் ஓரத்திலோ ஒரு நிமிடம்கூடத் தலை சாய்க்க வேண்டாம். "இந்த லைனில் வண்டி வராது" என்று யார் சொன்னாலும்.

கண் திறந்திருக்கும்போதே தூங்க முடியுமா? எனக்கு அப்படி ஒன்று நடந்தது போல இருந்தது.

முடியும். சில விநாடிகள் மூளை மட்டும் அணைந்துவிடும். கண் திறந்தே இருக்கலாம், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. தாண்டிய ஸ்டேஷன் நினைவில்லை, இப்போது பார்த்த சிக்னல் என்ன நிறம் என்று சந்தேகம், வாக்கிடாக்கியில் பாதி வாக்கியம் காணாமல் போனது: இவைதான் அடையாளங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடி என்றால் சுமார் நூற்று நாற்பது மீட்டர்.

இன்ஜினில் விஜிலன்ஸ் கருவி இருக்கிறதே என்பார்கள். ஒரு நிமிடம் எதையும் தொடாவிட்டால் விளக்கு மின்னும், பிறகு அலறும், பிறகு தானே பிரேக் போடும். நல்ல கருவிதான். ஆனால் பழகிய கை அரைத்தூக்கத்திலும் அந்தப் பொத்தானை அழுத்திவிடும் என்பது ஓட்டுகிறவர்களுக்கே தெரியும். லோக்கலில் மோட்டார்மேன் அழுத்திப் பிடித்திருக்கும் டெட்மேன் கைப்பிடியும் ஆள் சரிந்து விழுந்தால் வண்டியை நிறுத்தும். கவனம் சரிந்தால் நிறுத்தாது. இப்படி ஒருமுறை நடந்தாலும் அன்றைக்கு எழுந்து நில்லுங்கள், வாய்விட்டு சிக்னலைச் சொல்லுங்கள். அடிக்கடி நடந்தால் கீழே உள்ள குறட்டைக் கேள்வியைப் படியுங்கள்.

மழைக்காலத் தண்டவாள ரோந்தில் (பெட்ரோலிங்) நடந்துகொண்டேதானே இருக்கிறேன், எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

நடந்துகொண்டே தூங்கியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். கசாரா, கர்ஜத் மலைப்பாதைகளில் ஜூன் முதல் இரவெல்லாம் கைவிளக்கு, எச்சரிக்கை வெடி, ரோந்துப் புத்தகம் என்று நடப்பவர்களுக்கு நனைந்த உடையும் குளிரும் சேர்ந்து அசதியை இரட்டிப்பாக்கும். அடுத்த பீட் (ரோந்துப் பகுதி) ஆள் வந்து புத்தகம் மாற்றும் இடத்தில் இரண்டு வார்த்தை பேசுங்கள்; பதில் குழறினால் அவர் நிலைமை தெரிந்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

விதிப்படி எவ்வளவு ஓய்வு தர வேண்டும்? எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

1989 ரயில்வே சட்டமும் 2005 வேலை நேர விதிகளும் இதைச் சொல்கின்றன. உங்கள் வேலை எந்த வகை என்று முதலில் பாருங்கள். கன்டினியூவஸ் (தொடர் வேலை) வகைக்கு இரண்டு வாரச் சராசரியில் வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இன்டென்சிவ் (கடும் கவன வேலை) வகைக்கு 45. இந்த இரண்டுக்கும் வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக 30 மணி நேர ஓய்வு. எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட் (விட்டு விட்டு வரும் வேலை) வகைக்கு வாரம் 75 மணி வரை போகலாம், ஓய்வு 24 மணி, அதில் ஒரு முழு இரவு இருக்க வேண்டும். உங்கள் லெவல் கிராசிங் கேட்டிலோ சிறு ஸ்டேஷனிலோ வண்டிகள் கூடியிருந்தால், வகையை மறுபரிசீலனை செய்யும்படி யூனியன் மூலம் கேட்கலாம்.

ரன்னிங் ஊழியர்களுக்கு (வண்டியோடு போகும் ஓட்டுநர், கார்டு) கணக்கு வேறு: மாதத்தில் 30 மணி நேர ஓய்வு நான்கு முறை அல்லது 22 மணி நேர ஓய்வு ஐந்து முறை, முழு இரவோடு. எட்டு மணி நேரமோ மேலோ ஓட்டி வந்தால் தலைமையிடத்தில் 16 மணி நேர ஓய்வு, குறைந்தால் 12. தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம் என்பது ஓட்டுநர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. என்னைக் கேட்டால் நியாயமானது. மூன்றாம் நாள் பகல் தூக்கம் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று வார்டில் நைட் பார்த்த எவருக்கும் தெரியும்.

நைட் அலவன்ஸ் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

இரவு பத்து முதல் காலை ஆறு வரை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் கூடுதல். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 200-ஆல் வகுத்தால் மணி நேர விகிதம். இரண்டும் சேர்த்து 45,000 என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 225. எட்டு மணி நேரமும் இரவிலேயே விழுந்தால் 80 நிமிடம், அதாவது 300 ரூபாய். நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை எட்டு ஷிப்ட் என்றால் ஆறு மணி நேரம்தான் கணக்கில் வரும். 2020-ல் வந்த ஆணை அடிப்படைச் சம்பளம் 43,600 என்று உச்சவரம்பு வைத்தது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பில் கிளார்க்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வு நாளிலும் கூப்பிடுகிறார்கள். ஓவர்டைம் வருகிறது, கடனும் இருக்கிறது. போனால் என்ன?

சட்ட வரம்பைத் தாண்டிய நேரத்துக்கு இரண்டு மடங்குக்குக் குறையாத சம்பளம் என்பது உண்மை. கடன் இருக்கிறவரிடம் "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1988 டிசம்பர் 12 அன்று லண்டனில் கிளாப்பம் ஜங்ஷன் அருகே ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னல் சிவப்புக் காட்ட வேண்டிய இடத்தில் காட்டவில்லை. புது வயரிங் செய்த டெக்னீஷியன் பழைய கம்பியை வெட்டாமலும் காப்புச் சுற்றாமலும் விட்டிருந்தார், அது தொட்டுக்கொண்டது. அவர் அதற்கு முந்தைய பதின்மூன்று வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வெடுத்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. வேலை தெரியாதவர் அல்ல, தூங்கி வழிந்தவரும் அல்ல. ஒரு கம்பி, அவ்வளவுதான்.

தொடர்ந்து இரண்டு வாரம் ஓய்வு நாளை விற்காதீர்கள். சிக்னல், மின்கம்பி வேலைக்காரர்கள் ஒரு வாரம்கூட வேண்டாம்.

ஒரு வாரம் நைட், ஒரு வாரம் காலை என்று மாற்றுகிறார்கள். எப்படி மாற்றினால் நல்லது?

காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகும் சுற்று உடம்புக்கு எளிது. இரவில் இருந்து மாலைக்கும் மாலையில் இருந்து காலைக்கும் பின்னோக்கி வருவது கடினம், ஏனென்றால் தாமதமாகத் தூங்குவது எளிது, சீக்கிரம் தூங்குவது கடினம். ரோஸ்டர் போடுகிறவரிடம் எல்லோரும் சேர்ந்து கேட்டால் மாற்றித் தருகிற இடங்களும் உண்டு. அதற்குப் பைசா செலவில்லை. நைட் வாரம் முடிந்த அன்று மதியம் வரை மட்டும் தூங்கி எழுந்து, இரவு வழக்கமான நேரத்துக்குப் படுத்தால் பகலுக்குத் திரும்புவது சுலபம்.

பெண் பாயிண்ட்ஸ்மேன் நான். நைட் பார்த்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு வேலையைப் "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை" பட்டியலில் 2007-ல் சேர்த்தது, 2019-ல் மறுபடி உறுதி செய்தது. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறது. உங்களுக்கு எத்தனை சதவீதம் வரும் என்பதைச் சொல்வதில்லை. மார்பகத்தில் கட்டி, தோல் மாற்றம் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். புகையிலையை விடுவது இதைவிடப் பெரிய காப்பு.

பெண்களுக்கு உடனடிப் பிரச்சினை வேறு. ஆண் நைட் முடிந்து வந்தால் தட்டில் டிபன் வருகிறது. பெண் வந்தால் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் பிடிக்க வேண்டும், பிள்ளைக்கு டப்பா கட்ட வேண்டும், பத்து மணிக்குத்தான் படுக்கை. வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது இது; நான் எழுதி ஆகப்போவது குறைவு. கர்ப்பமாக இருந்தால் இரவு ட்யூட்டி தவிர்க்கும்படி டாக்டரின் சான்றோடு எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லாக வேண்டாம்.

தூக்க மாத்திரை போட்டால் என்ன? மெடிக்கல்காரர் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்.

கொடுப்பது அவர் தவறு, வாங்குவது உங்கள் தவறு. அல்பிரசோலம் போன்றவை நான்கைந்து வாரத்திலேயே பழக்கமாகிவிடும், மாலை எழுந்த பிறகும் மந்தம் நிற்கும். சளி மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். "ராத்திரி வேலைக்குப் போகிறேன், தூக்கம் வரவழைக்காத மாத்திரை கொடுங்கள்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மனைவி சொல்கிறாள், குறட்டை விட்டுக்கொண்டே மூச்சு நின்றுவிடுகிறது என்று. டாக்டரிடம் சொன்னால் ஏ-ஒன் தகுதி (வண்டி ஓட்டத் தேவையான மருத்துவத் தகுதி) போய்விடுமே?

இந்தப் பயத்தால்தான் பலர் மறைக்கிறார்கள். மூச்சு நின்று நின்று வரும் குறட்டைக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு என்று பெயர். ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் மூளை விழித்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாது. பருமன், தடித்த கழுத்து, ரத்தக்கொதிப்பு, காலையில் தலைவலி எல்லாம் கூட வரும். 2013 டிசம்பரில் நியூயார்க் அருகே ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டரில் போய்க் கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கண்டுபிடிக்கப்படாத கடும் மூச்சடைப்பு இருந்தது; அண்மையில்தான் மாலை ஷிப்டில் இருந்து அதிகாலைக்கு மாற்றப்பட்டிருந்தார். மது இல்லை, போதை இல்லை.

இது சிகிச்சைக்கு அடங்கும் நோய். ஒரு இரவு தூக்கப் பரிசோதனை, எடை குறைப்பு, தேவைப்பட்டால் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சி-பாப் கருவி. கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில வாரத்திலேயே தெளிவு வந்துவிடும். ஏ வகை ஊழியருக்கு 45 வயது வரை நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் பகலில் டாக்டரின் மேசைக்கு முன் உட்காரும் உங்களிடம் குறட்டை வெளியே தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிகிச்சை நடக்கும்போது சில காலம் வேறு வேலையில் வைக்கலாம், ஓட்டும் தூரத்துக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் படி குறையலாம். அந்த நஷ்டம் உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் தகுதி குறைந்தால் வேலையே போகும் என்பது தவறு. மாற்றுப்பணி கொடுப்பது ரயில்வேயில் நெடுங்காலமாக இருக்கும் ஏற்பாடு.

பகல் முழுக்க வீட்டில் சாவு, தூங்கவே இல்லை. ராத்திரி ட்யூட்டி. "தூக்கம் வருகிறது" என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள். "தூக்கம் வருகிறது" என்று சொல்லாமல் "நேற்றுக் காலையில் இருந்து தூங்கவில்லை, இத்தனை மணி நேரம் விழித்திருக்கிறேன், பாதுகாப்பாக வேலை செய்யும் நிலையில் இல்லை" என்று சொல்லுங்கள். முதலில் சொன்னது சோம்பல் போல ஒலிக்கும். இரண்டாவதில் பொறுப்பு எதிரே இருப்பவர் மேசைக்குப் போய்விடுகிறது. சைன் ஆன் செய்யும் முன்பே சொல்லுங்கள். பாதி வழியில் இறங்குவதைவிட மாற்று ஆள் தேட அவர்களுக்கும் அது எளிது.

ரன்னிங் ஊழியர் என்றால் லாபியில் இருக்கும் க்ரூ கன்ட்ரோலரிடம், மற்றவர்கள் தங்கள் சூப்பர்வைசரிடம். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்கு மேலே சொன்ன ரயில்வே ஓய்வு விதிகள் பொருந்தாது. உங்களுக்கு வேறு தொழிலாளர் சட்டங்கள், ஆகவே ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் இருவர் மூவராகச் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். விடுப்பு மறுத்தால் சண்டை போடாமல் ஒரு தாளில் பெயர், தேதி, நேரம், எத்தனை மணி நேரம் தூங்கவில்லை, யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதிக் கொடுத்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பும் சரியில்லை என்றால் சிக் மெமோ (மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு) வாங்கிக்கொண்டு நேராக ரயில்வே மருத்துவமனைக்கு வாருங்கள். பைகுல்லாவோ, மும்பை சென்ட்ரலோ, கல்யாணோ, எது பக்கமோ அது. இரவிலும் அங்கே ஆள் இருப்பார்கள்.